ஊராட்சித் தலைவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை உண்டா?

கேள்வி: உள்ளாட்சிப் பதவியில் இருப்பவர்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை உண்டா? குடும்பத்தை எப்படிக் கவனிக்கிறார்கள்?

கிடையாது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 2020 ஜனவரியிலிருந்து 2025 ஜனவரி வரை என் அம்மா ஊராட்சி மன்றத் தலைவர். அப்போது எங்கள் வீட்டில் அதிகக் கூட்டம் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமைதான். வார நாட்களில் திருப்பூரிலும் திருச்சியிலும் வேலை பார்ப்பவர்கள் அன்றைக்குத்தான் ஊரில் இருப்பார்கள். தெருவிளக்கு, பட்டா, முதியோர் பென்ஷன் எல்லாவற்றுக்கும் எங்கள் திண்ணைக்குத்தான் வருவார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் தண்ணீர் மோட்டாரின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) புகைந்துவிட்டால் தீர்ந்தது. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும், வங்கி திறப்பது திங்கள். குடிதண்ணீர் திங்கள் வரை பொறுக்காது. அம்மா கைக்காசைக் கொடுத்துக் காயில் கட்டச் சொல்லிவிட்டு, பிறகு பில் வைத்து வாங்குவார். தலைவரின் மதிப்பூதியம் முதலில் மாதம் 1,000 ரூபாய், அப்புறம் 2,000. முகூர்த்த மாதத்தில் மொய்க்கே அது காணாது. இதை அரசு கட்டாயம் உயர்த்த வேண்டும்.

விசேஷ வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதையும் விட முடியாது. ஒரு தெருவில் கை நனைத்துவிட்டு இன்னொரு தெருவில் தலையை மட்டும் காட்டிவிட்டு வந்தால், எங்கள் பக்கம் அது சாதிப் பேச்சாகிவிடும். அம்மா தலித் மக்கள் குடியிருக்கும் காலனியிலும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். முதல் வருடம் சில சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவர் பொருட்படுத்தவில்லை. அந்தத் துணிச்சலில் எனக்கு இன்றும் பெருமை.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று எங்களுக்குப் பள்ளி விடுமுறை வரும் நாட்களில் அவருக்குக் கிராம சபை. தம்பிதான் ஏங்கிப்போனான்.

வீடு தடுமாறாமல் ஓடியது அப்பாவால். பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு வந்தும், பல ஊர்களில் கணவர்தான் நாற்காலியில் உட்காருகிறார். எங்கள் வீட்டிலும் "அண்ணே, நீங்களே ஒரு வார்த்தை சொல்லி முடிச்சுடுங்க" என்று வருவார்கள். "தலைவர் வரட்டும், உட்காருங்க" என்று டீயைக் கொடுத்துவிட்டு, அப்பா அடுப்படிக்குப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு முழுக்க அவர் பொறுப்பு. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போனை அவரே எடுப்பார். தண்ணீர், சாவு, ஆஸ்பத்திரி என்றால் மட்டும் அம்மாவிடம் போகும், மற்றதெல்லாம் காலையில்.

உங்கள் வீட்டுப் பெண் யாராவது தேர்தலில் நிற்பதாக இருந்தால், வேட்புமனு போடுவதற்கு முன்பே அடுப்படியையும் போனையும் யார் பார்ப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.