ஒருவர் வலதுசாரியா இடதுசாரியா என்பதை அவருடைய மனஅமைப்பே முடிவு செய்கிறதா?

ஓரளவுக்குத்தான். அந்த "ஓரளவு" எவ்வளவு என்று தெரியாமல் பேசுவதால்தான் அரசியல் உளவியலைப் பற்றி இவ்வளவு தவறான செய்திகள் உலவுகின்றன.

புதியவற்றை நாடும் குணம் அதிகமுள்ளவர்கள் சற்றே இடப்பக்கமும், ஒழுங்கையும் கட்டுப்பாட்டையும் விரும்புகிறவர்கள் சற்றே வலப்பக்கமும் சாய்கிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், வலுவான முதல் தொடர்புக்கே ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் எண்; முழுப் பொருத்தம் என்றால் 1) 0.2 அளவில்தான் நிற்கிறது. அதை வர்க்கப்படுத்துங்கள்: 0.04. அதாவது மனிதர்களின் அரசியல் வேறுபாட்டில் நூற்றுக்கு நான்கு பங்கைத்தான் இந்தக் குணம் விளக்குகிறது. ஆயிரம் பேரின் சராசரிக்கு இது பொருந்தும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரின் வாக்கை ஊகிக்க உதவாது.

இதைவிடப் பெரிய எண்ணைக் கண்டால், முதலில் வினாத்தாளைத் தேடிப் படியுங்கள். அதிகாரவாதத்தை, அதாவது அதிகாரத்துக்குப் பணிந்து, மரபை மீறுவோர்மீது கடுமை காட்டும் மனப்பாங்கை, அளக்க ஆய்வாளர் அடோர்னோவும் சகாக்களும் 1950இல் வெளியிட்ட 'எஃப்' அளவுகோலில், எந்த வாக்கியத்துக்கு "ஆம்" என்றாலும் அதிகாரவாத மதிப்பெண் கூடும். எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறவர்களும் அதிகாரவாதிகளாகக் கணக்கில் ஏறினார்கள். உளவியலாளர் ஆல்டமையர் 1981இல் தன் அளவுகோலில் நேர், எதிர் வாக்கியங்களைச் சரிபாதியாகக் கலந்து அதைத் திருத்தினார். ஆனால் அவருடைய வாக்கியங்களில் மதம், பாலியல் ஒழுக்கம் போன்ற அரசியல் சர்ச்சைகளே இடம்பெற்றன. அரசியல் கருத்தைக் கொண்டு அரசியல் கருத்தை அளந்தால் ஒட்டுறவு உயரத்தான் செய்யும்.

அதைத் தவிர்க்க வந்தவைதான் குழந்தை வளர்ப்புக் கேள்விகள். அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வு 1992 முதல் இவற்றைக் கேட்கிறது. பிள்ளைக்கு எது முக்கியம்? சுதந்திரமா, பெரியவர்களுக்கு மரியாதையா? ஆர்வமா, நல்ல பழக்கமா? சுயசார்பா, கீழ்ப்படிதலா? பரிவா, ஒழுங்கான நடத்தையா? ஒவ்வொன்றிலும் பின்னதைத் தேர்ந்தால் அதிகாரவாத மதிப்பெண் கூடும். கட்சி, சட்டம் எதுவும் இதில் இல்லை. நேர்த்தியான கருவி என்பேன். இருந்தும் கறுப்பின அமெரிக்கர்கள் இதில் உயர்ந்த மதிப்பெண் பெற்று, பெரும்பான்மையாக இடப்பக்கம் சாய்ந்த ஜனநாயகக் கட்சிக்கே வாக்களிக்கிறார்கள். வெள்ளையரிடம் அளக்கும் அதே பண்பை இக்கேள்விகள் கறுப்பினத்தவரிடம் அளப்பதில்லை என்று 2014இல் பெரெஸும் ஹெதரிங்டனும் காட்டினார்கள்.

உடல்வழி ஆய்வுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பயமூட்டும் படங்களைக் கண்டதும் பழமைவாதிகளின், அதாவது வலதுசாரிகளின், தோல் கூடுதலாக வியர்க்கிறது என்ற 2008ஆம் ஆண்டு ஆய்வில் இருந்தவர்கள் 46 பேர். 2020இல், ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டு, 202 பேரிடம் அதையே திரும்பச் செய்தபோது அந்த வேறுபாடு கிடைக்கவில்லை. அதை இன்னும் மேற்கோள் காட்டுவது நேர்மையல்ல.

மரபணு விஷயம் நுட்பமானது. ஆல்ஃபோர்ட், ஃபங்க், ஹிப்பிங் மூவரின் 2005ஆம் ஆண்டு இரட்டையர் ஆய்வில், கருத்துகளில் மக்களிடையே காணும் வேறுபாட்டில் சுமார் 43 சதவீதம் மரபுவழிப்பட்டது. கட்சிப் பற்றுக்கு அது 14 சதவீதமே. கட்சியைப் பெரும்பாலும் வீடும் சூழலும் தருகின்றன. 43 சதவீதம் என்றால் உங்கள் கருத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது பிறவியிலேயே வந்தது என்று பொருளல்ல. அது ஒரு மக்கள்தொகைக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. இந்தக் கணக்கு, மரபணுக்கள் ஒத்த ஒருகரு இரட்டையரையும் சராசரியாகப் பாதி மட்டுமே ஒத்த இருகரு இரட்டையரையும் ஒப்பிட்டு வருவது; இருவகையினரும் ஒரேமாதிரி வளர்க்கப்படுகிறார்கள் என்ற அனுமானம் ஆட்டம் கண்டால் இந்த எண்ணும் ஆட்டம் காணும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரே மனப்பாங்கு நாட்டுக்கு நாடு வேறு கொடியின் கீழ் போய் நிற்கிறது. சோவியத் ஒன்றியத்தின் கடைசி ஆண்டுகளில் மெக்ஃபார்லண்டும் அவருடைய ரஷ்ய சகாக்களும் அளந்தபோது, அதிகாரவாத மதிப்பெண் கூடியவர்கள் கம்யூனிசத்தையும் சமத்துவ விநியோகத்தையும் ஆதரித்தார்கள். அமெரிக்காவில் அதே மதிப்பெண் உள்ளவர்கள் முதலாளித்துவத்தின் பக்கம். அவர்கள் பற்றிக்கொள்வது தாங்கள் வளர்ந்த ஒழுங்கை. அதன் பெயர் இடமா வலமா என்பதை வரலாறு தீர்மானிக்கிறது. மால்காவும் சகாக்களும் 2014இல் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளின் தரவைப் பார்த்தபோதும் இப்படித்தான்: பாதுகாப்பையும் உறுதியையும் நாடுகிறவர்கள் பண்பாட்டில் வலப்பக்கம் சாய்ந்தாலும், பொருளாதாரத்தில் பல இடங்களில் அரசு காப்பாற்ற வேண்டும் என்று இடப்பக்கம் சாய்கிறார்கள். எனவே பண்பாடு, பொருளாதாரம் இரண்டையும் ஒரே கோட்டில் போட்டு அளந்த ஆய்வு என்றால், அதன் முடிவைப் பாதி எடையுடன் வாசியுங்கள்.

மதிப்பெண் எந்தத் திசையில் ஏறுகிறது என்பதையும் பாருங்கள். 2012இல் வந்த ஒரு பிரபலமான கட்டுரையில் அரசியல் அளவுகோல் தலைகீழாகக் குறியிடப்பட்டிருந்தது. முரட்டுத்தனமும் விதிமீறலும் சார்ந்த குணத்தைப் பழமைவாதிகளோடு இணைத்த அதன் கூற்று, 2016இல் வந்த திருத்தத்தில் நேர்மாறானது. காரணகாரியத் திசையும் அப்படியே புரளக்கூடும்: தங்கள் அரசியலுக்குப் பொருந்துமாறு சிலர் குணக் கேள்விகளுக்கான பதில்களையே மாற்றிக்கொள்கிறார்கள் என்று பக்கர், லெல்க்ஸ், மால்கா 2021இல் காட்டினார்கள். குணத்தை முதலில் அளந்து, சில ஆண்டுகள் கழித்து அரசியலைக் கேட்ட ஆய்வுகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். இரண்டையும் ஒரே அமர்வில் கேட்டவற்றிலிருந்து எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியாது.