கல் நனைந்தால் கரையேறுங்கள்

கேள்வி: அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஓடும் ஒயிட் ஆற்றில் இறங்கி நின்று ட்ரவுட் மீன் பிடிக்கவிருக்கிறேன். அணைநீரால் ஆபத்து உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. அந்த ஆற்றின் குறுக்கே உள்ள புல் ஷோல்ஸ் அணை, தன் ஏரியின் அடியாழக் குளிர்நீரை விடுவதால்தான் அங்கே ட்ரவுட் வாழ்கிறது. ஆனால் மின்தேவைக்காக எட்டு டர்பைன்களும் ஓடத் தொடங்கினால், முழங்காலளவு நீர் தலைக்கு மேல் போய்விடும். அணையருகே ஒலிக்கும் எச்சரிக்கைச் சங்கு பல மைல் கீழே கேட்காது. நீரோ சில மணி நேரம் கழித்துச் சத்தமின்றி வந்து சேரும். ஆகவே, இறங்கும்போதே நீர்விளிம்பில் ஒரு கல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். அது நனைந்தாலோ, சருகுகள் மிதந்து வந்தாலோ, தூண்டிலில் மீனே இருந்தாலும் உடனே கரையேறுங்கள். படகில் சென்றால் உயிர்காப்பு அங்கியைக் கழற்றாதீர்கள். நீரோட்டம் வலுக்கும்போது நங்கூரம் பாய்ச்சுவதையே நான் மிகவும் அஞ்சுகிறேன். கயிறு இழுக்க, படகின் முனை அமிழ்ந்து நீர் உள்ளே புகுந்துவிடும்.