மூன்று ஞாயிறில் ஊர் முடிந்துவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 61. முப்பத்தைந்து வருடம் சென்னையில் இருந்துவிட்டு, கணவர் ஓய்வு பெற்றதும் அவர் பிறந்த பாளையங்கோட்டைக்கே குடிவந்துவிட்டோம். தெற்கு பஜாருக்குப் பின்னால் வீடு. பத்து மாதம் ஆகிறது. வந்த புதிதில் மூன்று ஞாயிற்றுக்கிழமை காரில் சுற்றியதில் நெல்லையப்பர் கோயில், திருச்செந்தூர், பாபநாசம், குற்றாலம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இனி போக இடமில்லை. பேச ஆளும் இல்லை. ஆனால் கேட்டைத் திறந்தால் போதும், “எங்க கிளம்பிட்டீங்க?” என்று தெருவே கேட்கிறது. காய்கறி விற்கிற பெண் என்னை “ஆச்சி” என்கிறாள். கணவர் பேப்பரும் டிவியுமாக இருக்கிறார். சென்னைக்கே திரும்பிவிடலாமா என்று இருக்கிறது. (பெயர் வேண்டாம்.)

பதில்: முதலில் அந்த “எங்க கிளம்பிட்டீங்க”ளை முடித்துவிடுவோம். அம்மா, அது கேள்வியே இல்லை. எங்கள் பக்கத்தில் அதுதான் வணக்கம். நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஒன்றும் அவசரமில்லை. “இந்தா, கடைவரைக்கும்” என்று சொன்னால் போதும். கையில் பெட்டியோடு ரயிலுக்குப் போனாலும் அதே பதில்தான். சொல்லிவிட்டு, “உங்க வீட்டுல இன்னைக்கு என்ன குழம்பு?” என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். நான் இந்த ஊரில் பிறந்து, வேலைக்காக நான்கு வருடம் சென்னையில் ஒரு மாடி வீட்டில் இருந்தவள். அந்த நான்கு வருடத்தில் ஒருவரும் நான் எங்கே போகிறேன் என்று கேட்டதில்லை. முதல் வருடம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் காய்ச்சலில் மூன்று நாள் கதவைத் திறக்காமல் படுத்துக் கிடந்தபோதுதான் யாராவது கேட்டால் தேவலை என்று தோன்றியது.

மகன் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. அது கேள்விதான். “நல்லா இருக்கான், உங்க புண்ணியத்துல” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் காரில் போய்ப் பார்த்ததெல்லாம் வெளியூர்க்காரர்கள் ஒரு வாரம் லீவு போட்டு வந்து பார்க்கிற இடங்கள். அவற்றைப் பார்த்து முடிக்க மூன்று ஞாயிறு தாராளம். ஆனால் கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருப்பவரோடு எந்த ஊரும் பழகாது. இந்த ஊரில் பழக்கம் என்பது, ஒரே ஆளை ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நாலு தடவை பார்த்த பிறகுதான் ஆரம்பமாகும். ஐந்தாவது தடவை, “ரெண்டு நாளா ஆளைக் காணுமே?” என்று கேட்பார்கள். அதுவரை பொறுக்க வேண்டும்.

அதனால் அடுத்த ஒரு மாதத்துக்குக் காரை மறந்துவிடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் காலையில் மகாராஜநகர் உழவர் சந்தைக்குப் போங்கள். டவுன் பஸ்ஸில் போங்கள். சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. காசை மிச்சம் பிடிக்கவா சொல்கிறேன்? அந்த பஸ்ஸில் பூக்காரி, சத்துணவு அமைப்பாளர், ஆஸ்பத்திரிக்குப் போகிற மாமியார், காலேஜ் பிள்ளைகள் என்று ஊரில் பாதிப் பெண்கள் இருக்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரர் உங்கள் பையைத் தானாக வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். மூன்று ஸ்டாப் தாண்டுவதற்குள் அவர் மகளுக்கு எந்த மாதம் பிரசவம் என்பது வரை உங்களுக்குத் தெரிந்துவிடும். சந்தையில் ஒரே ஆளிடம் வாங்குங்கள். பேரம் பேசாவிட்டாலும் பேச்சுக் கொடுங்கள்.

சாயங்காலத்துக்கு வ.உ.சி. மைதானம். நடப்பதற்கு வருகிறவர்களைவிட, நடந்து முடித்துவிட்டு உட்கார்ந்து பேச வருகிறவர்கள்தான் அங்கே முக்கியம். உங்கள் கணவரை ஒரு நாள் அங்கே தள்ளிக்கொண்டு போய்விடுங்கள். பிறந்த ஊருக்கு நாற்பது வருடம் கழித்துத் திரும்புகிற ஆண்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. பள்ளிக்கூடத் தோழனைப் பார்த்தால் பெயர் மறந்துபோயிருக்கும், கேட்கவும் கூச்சம். அதற்கு டிவியே மேல் என்று இருந்துவிடுவார்கள். இது சேவியர்ஸ், ஜான்ஸ் என்று பள்ளிக்கூடம் வைத்தே ஆளை அடையாளம் சொல்கிற ஊர். எந்தப் பள்ளி, எந்த வருடம் என்று ஒருவர் கேட்டுவிட்டால் மிச்சம் தானாக நடக்கும். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அவர் லேட்டாகத்தான் வருவார், சொல்லிவிட்டேன்.

இனி வெளியே போவது. பாளையங்கோட்டைக்கென்று ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? திருச்செந்தூர் பாசஞ்சர் அங்கே நின்று போகும். நீங்கள் காரில் போன அதே திருச்செந்தூர்தான். ஆனால் செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், காயல்பட்டினம் என்று ஒவ்வொரு ஊராக நின்று, வாழைத்தோட்டத்துக்கும் குளத்துக்கும் நடுவே போகிற ரயிலில் உட்கார்ந்து பார்த்தால் அது வேறு ஊர். பாதி வழியில் ஆழ்வார்திருநகரியில் இறங்கிவிட்டால்கூடத் தப்பில்லை. நம்மாழ்வார் இருந்த உறங்காப்புளி மரத்தடியில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பலாம்.

ஸ்ரீவைகுண்டம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் அந்த ஸ்டேஷனில் சிக்கிக்கொண்டது. தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போய், நூற்றுக்கணக்கான பயணிகள் வெளியே வர வழியில்லாமல் கிடந்தார்கள். பக்கத்திலிருக்கும் புதுக்குடிக்காரர்கள்தான், தங்கள் ஊரும் தண்ணீருக்குள் இருக்கும்போது, சமைத்துக் கொண்டுவந்து போட்டார்கள். அவர்களும் சாதாரண நாளில் தெருவில் போகிறவரை “எங்க கிளம்பிட்டீங்க?” என்று கேட்கிறவர்கள்தான்.

ஜூன் வந்தால் சாரல் விழ ஆரம்பித்துவிடும். குற்றாலத்துக்கு இன்னொரு தடவை போங்கள், ஆனால் கணவரோடு காரில் வேண்டாம். தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வேன் பிடிப்பார்கள், இல்லையென்றால் செங்கோட்டை பாசஞ்சரில் தென்காசிவரை போவார்கள். அவர்களோடு தொற்றிக்கொள்ளுங்கள். கூப்பிடவில்லையென்றால், “இந்த வருஷம் எப்பப் போறீங்க, நானும் வரட்டுமா?” என்று நீங்களே கேளுங்கள். இங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. புளியோதரையும் தேங்காய்த் துவையலும் கட்டிக்கொண்டு, பேரருவியில் பெண்கள் பக்கம் போய் நில்லுங்கள். தலையில் தண்ணீர் இடிபோல விழும்போது யாரும் யாருக்கும் சம்பந்தி இல்லை, அதிகாரி மனைவி இல்லை. பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஆக வேண்டும். அப்படிப் பிடித்த கையோடு அப்புறம் எப்படிப் பேசாமல் இருப்பது? எண்ணெய், சோப்பு எல்லாம் அங்கே இப்போது தடை, கொண்டுபோகாதீர்கள். போலீஸ்காரர் விசில் அடித்தால் இன்னும் ஒரே நிமிஷம் என்று நிற்கவே கூடாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது.

புரட்டாசி சனிக்கிழமைகளில் நவதிருப்பதிக்குச் சிறப்பு பஸ் விடுவார்கள். ஒன்பது பெருமாளையும் ஒரே நாளில் சேவித்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். காலையில் ஏறும்போது அந்நியர்களாக இருக்கிற பஸ், ஐந்தாவது கோயில் வருவதற்குள் குடும்பமாகியிருக்கும். உங்களுக்குப் பக்தி அவ்வளவாக இல்லை என்று கடிதத்தில் ஓர் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். பரவாயில்லை, வருகிறவர்களில் பாதிப்பேர் பேச்சுக்காகத்தான் வருகிறார்கள். பெருமாளுக்கும் அது தெரியும்.

அதற்குப் பிறகு தசரா. பன்னிரண்டு அம்மன் கோயில் சப்பரங்கள் ராத்திரி முழுக்கப் பாளையங்கோட்டைத் தெருக்களில் வருவதைப் போன வருடம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மேளச் சத்தத்தில் தூக்கம் போயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வருடம் வாசலில் நாற்காலி போட்டு உட்காருங்கள். ஒரு குடத்தில் பானகமோ மோரோ கரைத்து வையுங்கள். சப்பரத்தோடு வருகிறவர்களுக்குத் தாகமாக இருக்கும். நீங்களாக யாரையும் தேடிப் போக வேண்டாம்.

மூன்றாவது வீட்டுக்காரர்கள் கிறிஸ்தவர்கள், அசனத்துக்குக் கூப்பிட்டார்கள், போகலாமா என்று தெரியாமல் விட்டுவிட்டேன் என்றும் எழுதியிருந்தீர்கள். ஐயோ, அதை எப்படி விட்டீர்கள்! சர்ச் வளாகத்தில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்துக்குக் கூப்பிட்டால் போய்விட வேண்டும். கறிக்குழம்பு சாப்பிட மாட்டீர்கள் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், ரசமாவது கிடைக்கும். போன தடவை போகாததற்கு இப்போதே அந்த வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம். ஆனால் அல்வாவும் வேண்டாம். அல்வா வரிசையில் நாங்கள் நிற்பது வெளியூருக்குக் கொண்டுபோகத்தான். வீட்டில் சுட்ட ஏதாவது எடுத்துப் போங்கள். பாத்திரத்தை அவர்கள் காலியாகத் திருப்பித் தர மாட்டார்கள்.

சென்னைக்குத் திரும்புவதா என்று கேட்டிருந்தீர்கள். அதை இப்போது முடிவு செய்யாதீர்கள். நான் சொன்னபடி வரப்போகிற தசரா வரை இருந்து பாருங்கள். அப்போதும் மனம் ஒட்டவில்லை என்றால் எழுதுங்கள். கணவரிடம் எப்படிப் பேசுவது என்று அதற்கும் ஒரு பதில் எழுதுகிறேன், அவர் ஊர்க்காரி என்பதற்காக அவர் பக்கம் பேச மாட்டேன்.

கடைசியாக அந்த ஆச்சி. சென்னையில் ஆன்ட்டி என்று கூப்பிட்டுக் கேட்டுப் பழகியவருக்கு அது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும். எனக்கு உங்களைவிட இரண்டு வயது குறைவு, என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் கண்டுகொள்வதில்லை, ஏனென்றால் ஆச்சி என்று கூப்பிடுகிறவள் கொசுறாகக் கறிவேப்பிலையோடு இரண்டு பச்சை மிளகாயும் சேர்த்துப் போடுகிறாள்.