ஒரே றோட்டு, இரண்டு வேகம்: கணவனும் மனைவியும் சேர்ந்து ஓடப் பழகலாமா?

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். எனக்கு 39 வயது, இவருக்கு 43. போன வருடம் நடக்கத் தொடங்கி, பிறகு ஓட்டத்துக்கு மாறினோம். 5 கிலோமீற்றரை இவர் 28 நிமிடத்தில் முடிப்பார், எனக்கு 36 நிமிடம் எடுக்கும். இன்னும் 14 கிழமையில் வரும் 10 கிலோமீற்றர் வீதியோட்டத்துக்கு இரண்டு பேரும் பெயர் கொடுத்துவிட்டோம். கிழமைக்கு நாலு நாள், விடிய, கடலோர வீதியான மரைன் டிரைவில் சேர்ந்துதான் ஓடுகிறோம். இவருடைய வோட்ச் கிலோமீற்றருக்கு 6:45 (6 நிமிடம் 45 செக்கன்) என்று காட்டும். எனக்கு 2 கிலோமீற்றரிலேயே மூச்சு இளைத்துவிடும். நின்று, நடந்து, திரும்ப ஓடுவேன். இவருக்குப் பொறுமை போய்விடும். வீட்டுக்கு வரும்போது இரண்டு பேரும் கதைப்பதில்லை. இப்போது என் முன்னங்கால் எலும்பிலும் நோவு. தனித்தனியாக ஓடினால்தான் சரிவருமா? இருட்டில் தனியாகப் போக எனக்குப் பயம். போட்டியன்று சேர்ந்து ஓடலாமா?
– வாசகி, கொழும்பு 6

பதில்: நீங்கள் தந்த இலக்கங்களிலேயே பாதிப் பதில் இருக்கிறது. 5 கிலோமீற்றருக்கு 36 நிமிடம் என்றால், முழுமூச்சாக ஓடும்போது உங்கள் வேகம் கிலோமீற்றருக்கு 7:12. கிழமைக்கு நாலு நாளும் நீங்கள் ஓடப் பார்ப்பது 6:45இல். அதாவது பயிற்சி என்ற பெயரில், உங்கள் போட்டி வேகத்தையும் தாண்டி ஓட முயல்கிறீர்கள். இளைக்காமல் என்ன செய்யும்? உங்கள் கணவருக்கோ போட்டி வேகம் 5:36. அவருக்கு 6:45 என்பது இலகு ஓட்டம், அதுவும் மிகச் சரியான இலகு ஓட்டம். ஆக, அவருக்குக் கடினமான நாள் ஒன்றுமே இல்லை, உங்களுக்கு இலகுவான நாள் ஒன்றுமே இல்லை. இப்படியே 14 கிழமை போனால் அவர் முன்னேற மாட்டார், நீங்கள் கால் நோவோடு வீட்டில் இருப்பீர்கள்.

சுதந்திர சதுக்கத்தில் காலையில் நின்று பார்த்தால் இந்தக் காட்சி தவறாமல் கிடைக்கும். கணவர் பத்து மீற்றர் முன்னுக்கு ஓடுவார், திரும்பிப் பார்ப்பார், கையைக் காட்டி "வா, வா" என்பார். மனைவி முகம் சிவக்க இழுபட்டு வருவார். ஊக்கப்படுத்துவதாகத்தான் அவர் நினைக்கிறார். பின்னால் வருபவருக்கு அது ஊக்கமாகத் தெரிவதில்லை.

தனித்தனியாகப் பிரிய வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் வெளிக்கிடுங்கள், ஒரே இடத்தில் ஓடுங்கள், ஒரே நேரத்தில் முடியுங்கள். வேகத்தை மட்டும் பங்குபோட வேண்டாம். அதற்கு முதல் வேலை, ஓட்டத்தைக் கிலோமீற்றரில் அளப்பதை விட்டு நிமிடத்தில் அளப்பது.

கிழமையில் ஒரு நாள், செவ்வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், 40 நிமிடம் பக்கத்தில் பக்கத்தில் ஓடுங்கள். அன்று வேகத்தைத் தீர்மானிப்பவர் நீங்கள். உங்களுக்கு இலகு வேகம் 8:15 முதல் 8:45 வரை இருக்கும். கதைத்துக்கொண்டே ஓட முடிய வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூடக் கதையை ஒரு முழு வசனமாக, நடுவில் மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கொரு தரம் மூச்சு எடுத்தால் இன்னும் குறையுங்கள். இது நடை மாதிரி இருக்கிறதே என்று அவர் சொல்லக்கூடும். விறுவிறுப்பாக நடந்தாலே ஒரு கிலோமீற்றருக்குப் பத்து நிமிடம் போகும், 8:30 ஓட்டம்தான். கிழமையில் ஒரு நாள் இப்படி மெல்ல ஓடுவதால் அவர் எதையும் இழக்கப்போவதில்லை. வியாழனன்று கடுமையாக ஓடக் கால் புதிதாக இருக்கும், அவ்வளவுதான்.

வியாழன் விரைவு ஓட்டம். இதற்கு மரைன் டிரைவை விடச் சுற்றி ஓடக்கூடிய சுதந்திர சதுக்கம் நல்லது. முதல் பத்து நிமிடம் சேர்ந்து மெல்ல ஓடுங்கள். பிறகு 3 நிமிடம் அவரவர் வேகத்தில் கடுமையாக, 2 நிமிடம் மெல்ல. இதையே ஐந்து தரம். 3 நிமிடத்தில் அவர் ஏறக்குறைய 540 மீற்றர் போவார், நீங்கள் 420. இடைவெளி 120 மீற்றர். மெல்ல ஓடும் 2 நிமிடத்தில் அவர் திரும்பி உங்களை நோக்கி வரவேண்டும். நீங்கள் முன்னோக்கியே போய்க்கொண்டிருங்கள். நடுவில் சந்தித்து, அடுத்த 3 நிமிடத்தை ஒரே கோட்டில் தொடங்குவீர்கள். யாரும் யாருக்காகவும் காத்து நிற்க வேண்டாம். கால் நோவு இருப்பதால் முதல் மூன்று கிழமை இந்த விரைவு ஓட்டம் அவருக்கு மட்டும். நீங்கள் அந்த நேரத்தில் சதுக்கத்தைச் சுற்றி நடவுங்கள்.

ஞாயிறு நீண்ட ஓட்டம். உங்கள் கேள்விக்குச் சரியான மருந்து இதில்தான் இருக்கிறது. வீட்டடியிலிருந்து கொள்ளுப்பிட்டிப் பக்கமாக இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்புங்கள். அவர் 6:45இல் போகட்டும், நீங்கள் 8:30இல். 30 நிமிடம் ஆனதும், யார் எங்கே நின்றாலும் அந்த இடத்திலேயே திரும்ப வேண்டும். அப்போது அவர் நாலரைக் கிலோமீற்றர் அளவில் இருப்பார், நீங்கள் மூன்றரையில். திரும்பிவரும்போது நீங்கள் முன்னுக்கு, அவர் ஒரு கிலோமீற்றர் பின்னுக்கு. போன வேகத்திலேயே இருவரும் வந்தால், 60ஆவது நிமிடம் புறப்பட்ட இடத்தில் இருவரும் சேர்ந்து நிற்பீர்கள். அவர் முந்திவிட்டால் நீங்கள் களைத்து வேகத்தை விட்டுவிட்டீர்கள், அல்லது அவர் பொறுமையிழந்து கூட்டிவிட்டார், வோட்ச் சொல்லிவிடும். கிழமைக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டி, நாலாவது கிழமையில் ஒரு தரம் குறைத்து, 85 நிமிடம் வரைக்கும் போனால் 10 கிலோமீற்றருக்குப் போதும்.

நாலாவது நாள் அவர் தனியாக ஓடட்டும். நீங்கள் உங்கள் தொடர்மாடிப் படிக்கட்டில் வேலை செய்யுங்கள். படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கைபிடியைப் பிடித்து, குதியை மெல்ல உயர்த்தி இன்னும் மெல்ல இறக்குங்கள். முழங்காலை நேராக வைத்து 15 தரம், சற்று மடக்கி 15 தரம், மூன்று சுற்று. வலி இல்லாமல் செய்ய முடிந்தபின் ஒற்றைக் காலில். கெண்டைக்கால் தசை பலப்பட்டால் தரையின் அடியைத் தசை வாங்கிக்கொள்ளும், எலும்பு தப்பும்.

அந்த நோவைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். முன்னங்கால் எலும்பின் உட்பக்க விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பரவி நோகிறதா? தொடங்கும்போது நொந்து, உடம்பு சூடானதும் குறைகிறதா? அப்படியென்றால் மேலே சொன்ன மாதிரி வேகத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கும். ஒரு விரல் நுனியால் தொட்டு "இந்த இடம்தான்" என்று காட்டக்கூடியதாக இருந்தால், ஓட ஓடக் கூடினால், இரவில் படுத்திருக்கும்போதும் நொந்தால், ஒற்றைக் காலில் துள்ள முடியாவிட்டால், அது எலும்பில் வெடிப்பு விழத் தொடங்கியதாக இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் தொடக்கக் காலத்தில் அது தெரியாமல் போகலாம் என்பதால், எக்ஸ்ரே சுத்தம் என்று சொல்லித் திரும்ப ஓடாதீர்கள்.

இதோடு சேர்த்துச் சாப்பாட்டையும் கேட்க வேண்டும். ஓடத் தொடங்கியதும் மெலிய வேண்டும் என்று இராச் சாப்பாட்டை விடுவது எங்கள் ஆட்களிடம் சாதாரணம். எரிக்கும் அளவுக்குச் சாப்பிடாவிட்டால் எலும்புதான் முதலில் தண்டம் கட்டும். மாதவிடாய் மூன்று மாதம் வராமல் நின்றால், அது உடம்பு தரும் எச்சரிக்கை, வைத்தியரிடம் சொல்லுங்கள். இரத்தத்தையும் ஒருதரம் சோதியுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் (g/dL) கீழே என்றால் இரத்தசோகை. ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்த்தால்தான் இரும்புச்சத்தின் இருப்புத் தெரியும். 2 கிலோமீற்றரில் இளைப்பதற்கு வேகம்தான் முதல் காரணம் என்றாலும், இரும்பு குறைவாக இருந்தால் எந்த வேகத்திலும் இளைக்கும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பவராக இருந்தால் அதை ஒரு மணித்தியாலம் தள்ளிவையுங்கள். தேயிலை, சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பு உறிஞ்சுவதைக் குறைக்கும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

உங்கள் கணவருக்கு 43. சீனி, பிரஷர், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஏதும் இருந்தால், விரைவு ஓட்டம் தொடங்க முன்னர் வைத்தியரிடம் காட்டி ஈசிஜி எடுக்கட்டும். ஓடும்போது நெஞ்சு இறுகினால் நிற்க வேண்டும். இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

இருட்டுப் பயத்தைப் பற்றி. காலிமுகத்திடல் நடைபாதையை 1859இல் கட்டி முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக அதைப் பேணும்படி தனக்குப் பின் வருபவர்களைக் கேட்டு அங்கே கல்லில் பொறித்து வைத்தார். அதே கரையில் இன்றும் விடியப்புறம் ஒரு பெண் தனியாக ஓட யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஆகவே பயத்தை ஒதுக்கிவைக்கச் சொல்ல மாட்டேன். கொழும்பில் சூரியன் வருடம் முழுவதும் 5:50க்கும் 6:25க்கும் இடையில்தான் உதிக்கிறது. நீங்கள் பிரிந்து ஓடும் ஞாயிறன்று வெளிச்சம் வரத் தொடங்கியபின் வெளிக்கிடுங்கள். ஞாயிறும் போயாவும் (பௌர்ணமி விடுமுறை) வாகனம் குறைவு. பக்கத்தில் பக்கத்தில் ஓடும் செவ்வாயன்று ஐந்து மணி இருட்டென்றாலும் பரவாயில்லை. வீதியோரம் ஓடும்போது வலது பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி ஓடுங்கள்.

வெயிலுக்குப் பயந்து வெள்ளண ஓடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். எங்கள் ஊரில் விடிய வெப்பம் குறைவுதான், ஆனால் ஈரப்பதன் உச்சத்தில் இருக்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். இங்கே அது சொட்டி றோட்டில் விழுந்துவிடுகிறது. அதனால் நேற்று 8:30இல் கதைத்துக்கொண்டே ஓடியவர் இன்று அதே வேகத்தில் திணறலாம். அன்று வோட்ச்சைப் பார்க்காமல் மூச்சைப் பாருங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடிமின்னல் அதிகம். அந்த மாதங்களில் காலிமுகத்திடல் போன்ற வெட்டவெளியில் மாலை ஓட்டம் வேண்டாம்.

தண்ணீரையும் இருவருக்கும் ஒரே அளவாகப் பங்குபோடாதீர்கள். நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் தராசில் ஏறிப் பாருங்கள். 1 கிலோ குறைந்தால் ஏறக்குறைய 1 லீற்றர் வியர்வை போயிருக்கிறது. ஓடி முடித்தபின் நிறை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டீர்கள். வெறும் தண்ணீரைக் கூடுதலாகக் குடித்து இரத்தத்தில் உப்புக் குறைவது, மெல்ல ஓடும் சிறிய உடல்வாகுள்ளவர்களுக்குத்தான் அதிகம் நடக்கும். ஆகவே "குடி, குடி" என்று அவர் உங்களை வற்புறுத்தக்கூடாது. தாகத்துக்குக் குடியுங்கள். ஓட்டத்துக்குப் பிறகு தம்பிலி (செவ்விளநீர்) நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் நிறைய, சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள், அல்லது ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புத் தூள்) கரைத்துக் குடியுங்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் பிரஷருக்கு மருந்து எடுப்பவர்களும் இரண்டையும் வைத்தியரிடம் கேட்டே குடிக்க வேண்டும்.

இனிப் போட்டி. உங்கள் 5 கிலோமீற்றர் நேரத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால், இப்போதைய நிலையில் 10 கிலோமீற்றர் உங்களுக்கு 75 நிமிடம், அவருக்கு 58 அல்லது 59. சேர்ந்து ஓடலாம், தாராளமாக ஓடலாம். ஆனால் அன்று அது உங்கள் போட்டி, அவருடையது அல்ல என்பதை முந்தின இரவுக்கு முன்னரே இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவது கிலோமீற்றரில் அவர் மனம் மாறுவதுதான் எல்லாக் கரைச்சலுக்கும் காரணம். தன் நேரத்தைப் பார்க்க ஆசையென்றால் வேறொரு ஓட்டத்துக்கு அவர் பெயர் கொடுக்கட்டும். அன்று நீங்கள் பிள்ளையோடு முடிவுக்கோட்டில் நில்லுங்கள்.

சேர்ந்து ஓடுவதென்றால் அவர் உங்கள் தோளுக்கு அரை அடி பின்னால், வாகனம் வரும் பக்கமாக ஓட வேண்டும். முன்னால் வரவே கூடாது. தண்ணீர்ப் போத்தல் அவர் கையில். முதல் 2 கிலோமீற்றர் 7:50ஐ விட வேகமாக ஓட விடாமல் உங்களைப் பிடித்து வைப்பது அவர் வேலை. கூட்டம் இழுத்துக்கொண்டு போகும், கால் கேட்காது. ஏழாவது கிலோமீற்றருக்குப் பிறகு அவர் கேள்வி கேட்கக் கூடாது, நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. "இன்னும் கொஞ்சம்தான்" என்ற வசனத்துக்கு முழுத் தடை. அதைச் சொல்பவர்களின் "கொஞ்சம்" எப்போதும் 3 கிலோமீற்றர்.

பத்தாவது கிழமை ஞாயிறன்று ஒரு தீர்மானம் எடுங்கள். அன்று 60 நிமிடம் கால் நோவில்லாமல் ஓட முடிந்தால் போட்டிக்குப் போகலாம். லேசாக நொந்தால் 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று முழுத் தூரத்தையும் முடிக்கலாம். அப்படி ஓடினாலும் 85 நிமிடத்தை ஒட்டி வந்துவிடுவீர்கள். ஏற்பாட்டாளர்கள் தரும் கடைசி நேர எல்லையை மட்டும் இப்போதே பார்த்து வையுங்கள். நொண்டி நடக்குமளவுக்கு நொந்தால் அவர் ஓடட்டும், நீங்கள் பிஸியோவிடம் போங்கள். உங்கள் போட்டி இலக்க அட்டையை வேறு யாருக்கும் கட்டிக் கொடுக்காதீர்கள்; ஓட்டத்தில் ஒருவர் விழுந்தால் அந்த இலக்கத்தை வைத்துத்தான் யார் என்று தேடுவார்கள்.