எனக்கு உரியதல்ல

அன்புள்ள டீச்சர்,

பட்டர்வொர்த்தில் இருந்து உங்கள் கட்டுரைகளைப் படித்து வருகிறேன். வயது 29. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தொழில்நுட்பர் வேலை, மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்ட். மூன்று ஆண்டுகளாக நண்பர் ஒருவரின் வீட்டில் போக்கர் ஆடுகிறேன். பொழுதுபோக்காக இல்லை, முறையாகப் படித்து ஆடுகிறேன். தோற்ற ஆட்டங்களை எல்லாம் ஒரு புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

போன மாதம் இரவு வேலை முடிந்த காலையில் ஆடினோம். என் கையில் இரண்டு ஏஸ். எதிரே இருந்தவரிடம் இரண்டு ராஜா. எல்லோருக்கும் பொதுவான ஐந்து நடுச்சீட்டை மேசையில் விரிக்கும் முன்பே இருவரும் முழுப் பணத்தையும் வைத்துவிட்டோம். கடைசிச் சீட்டாக மூன்றாவது ராஜா விழுந்தது. 640 வெள்ளி போனது. (இந்த இடத்தில் இருந்த பத்து வரிகளைச் சுருக்கியிருக்கிறேன் – டீச்சர்.) அதன் பிறகு கொஞ்சம் நிதானம் இழந்து இன்னும் 1,100 வெள்ளி விட்டேன், அது மோட்டார் சைக்கிள் தவணைப் பணம். இத்தனைக்கும் முந்தைய வாரம்தான் மிக நன்றாக ஆடி 900 வெள்ளி ஜெயித்திருந்தேன். ஓர் ஆட்டத்தில் எனக்கு நான்கு இஸ்பேடு சேர்ந்திருந்தது, இன்னும் ஒன்று வந்தால் ஐந்தும் ஒரே இனமாகி ஜெயிக்கலாம். மேசையில் 200 கிடக்க, எதிராளி தன்னிடம் மிஞ்சிய 200ஐயும் வைத்தார். நானும் துணிந்து 200 வைத்தேன். கடைசிச் சீட்டு இஸ்பேடு!

கோபத்தை அடக்குவது எப்படி? ஆட்ட உத்திகளைக் கணித்துத் தரும் மென்பொருள் வாங்கினால் தேறுவேனா? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக ஆடலாமா? அமெரிக்காவில் ஒரு கணக்காளர் உலகப் போட்டியையே ஜெயித்தாரே. தயவுசெய்து திருக்குறள் சொல்லி முடித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேசைமேல் ஒரு 555 நோட்டுப் புத்தகம் கிடந்தது. மளிகைக் கடையில் பற்று எழுதுவார்களே, சட்டைப் பைக்குள் அடங்கும் அந்தச் சின்னப் புத்தகம். 1978ல் என் தாய்மாமா எழுதியது. சென்ற மாதம் ஜெலுத்தோங் வீட்டைக் காலி செய்தபோது அம்மாவின் தகரப் பெட்டிக்குள், பழைய பிறப்புப் பத்திரங்களுக்கு அடியில் இருந்து வந்தது. ஒரு மாதமாக அதைத்தான் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

வேலையை விடாதீர்கள். நீங்கள் சொல்லும் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர். 2003ல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் ஜெயித்து 25 லட்சம் டாலர் பெற்றார். அந்தப் போட்டியில் உட்கார்ந்தவர்கள் 839 பேர். மற்ற 838 பேரும் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. பணம் வைத்து வீட்டில் ஆடுவதைப் பற்றி நம் மலேசியாவில் 1953ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், உங்கள் நண்பருக்கும் தெரியும். அதைப் பற்றி நான் பாடம் எடுக்கப்போவதில்லை.

ராஜாவுக்கு வருகிறேன். இரண்டு ஏஸும் இரண்டு ராஜாவும் இப்படி மோதினால் நூற்றுக்கு ஏறக்குறைய 82 முறை ஏஸ் ஜெயிக்கும். மீதி 18 முறை? அந்தப் பதினெட்டில் ஒன்றுதான் உங்கள் முன்னால் விழுந்தது. ஆறு பேரை நிற்க வைத்தால் அதில் ஒருவருக்கு நடக்கிற காரியம். இதற்குப் போய் மூன்று இரவு தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆட்டத்தில் அங்கே ஒரு பிழையும் இல்லை, தம்பி. மனதார அதைக் கீழே போட்டுவிடுங்கள்.

ஆனால் அந்த ராஜாவுக்கு நீங்கள் மொத்தம் பதினொரு வரி எழுதினீர்கள். அதற்குப் பின் போன தவணைப் பணத்துக்கு ஒரே ஒரு வரி. ‘கொஞ்சம் நிதானம் இழந்து’! 1,100 வெள்ளி கொஞ்சமா? போக்கர் ஆடுபவர்கள் இந்த நிலைக்கு டில்ட் என்கிறார்கள். பின்பால் இயந்திரத்தில் இருந்து வந்த சொல். அந்த இயந்திரத்தைப் பிடித்து உலுக்கினால் டில்ட் என்று விளக்கு எரியும், அதோடு ஆட்டம் நின்றுவிடும். பையன்கள் எத்தனை குத்து குத்தினாலும் அசையாது. மனிதனுக்கு அப்படி ஒரு விளக்கு இல்லாததால், உலுக்கப்பட்ட பிறகும் அவன் கை சட்டைப் பைக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் இயந்திரங்களோடு நின்றுவிட்டு, கண் எரிய எரியப் பாலம் கடந்து வந்து, பசியாறாமல்கூடச் சீட்டை எடுத்தவருக்குக் கோபத்தை அடக்க நான் எந்த மந்திரம் சொல்லித் தருவது? தூங்குங்கள். இரவு வேலை முடிந்த காலையில் சீட்டைத் தொடாதீர்கள். கோபத்தைப் பற்றி இதற்கு மேல் என்னிடம் இல்லை.

எனக்குத் தூக்கம் வராமல் செய்தது உங்கள் இஸ்பேடு.

‘மிக நன்றாக ஆடி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் கோடிட்டு வைத்திருக்கிறேன். முப்பது ஆண்டு தமிழ்ப்பள்ளியில் கணிதம் கற்பித்த கை, விடமாட்டேன் என்கிறது. வாருங்கள், சேர்ந்து போடுவோம். உங்கள் கையில் இரண்டு சீட்டு, மேசையில் நான்கு. 52ல் ஆறு போனால் நீங்கள் பார்க்காதவை 46. இஸ்பேடு மொத்தம் 13, நான்கு உங்களிடம் சேர்ந்துவிட்டன, பாக்கி ஒன்பது. ஆக, 46ல் ஒன்பது சீட்டு உங்களுக்குச் சாதகம், 37 பாதகம். நூற்றுக்கு இருபதுகூட இல்லை. நீங்கள் வைத்தது 200, ஜெயித்தால் வருவது 400. இதே இடத்தில் 46 முறை இதே முடிவை எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது முறை 400 வரும், அது 3,600. முப்பத்தேழு முறை 200 போகும், அது 7,400. மொத்தத்தில் 3,800 வெள்ளி நட்டம். அதாவது ‘துணிந்து’ பணம் வைக்கும் ஒவ்வொரு முறையும் 82, 83 வெள்ளியை எதிராளியின் கையில் கொடுத்து வருகிறீர்கள். அன்று இஸ்பேடு விழுந்ததால் இந்தக் கணக்கில் ஒரு காசும் மாறவில்லை. எதிராளியிடம் அதற்கு மேல் பணமும் இல்லை, பின்னால் அதிகம் பிடுங்கிக்கொள்ளலாம் என்ற சாக்கும் கிடையாது.

மூன்று ஆண்டு படித்தவருக்கு இந்தக் கணக்குத் தெரியாதா? தெரியும். இதையே தோற்றிருந்தால் அன்றிரவே போட்டுப் பார்த்திருப்பீர்கள். ஜெயித்ததால் போடவில்லை. தோற்ற ஆட்டங்களை மட்டும் எழுதி வைக்கும் புத்தகத்தில் இந்த இஸ்பேடுக்கு இடமே இல்லையே! நீங்கள் வைத்திருப்பது கணக்குப் புத்தகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். புகார்ப் புத்தகம் வைத்திருக்கிறீர்கள், தம்பி.

என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டில் ஒரு பையன் இருந்தான். 16/64ஐச் சுருக்கச் சொன்னேன். மேலே உள்ள ஆறையும் கீழே உள்ள ஆறையும் அடித்துவிட்டு 1/4 என்று எழுதினான். விடை சரி. நான் மதிப்பெண் கொடுக்கவில்லை. ‘சரியாத்தானே இருக்கு டீச்சர்’ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான், கண்ணில் நீர் கோத்துவிட்டது. பலகையில் 16/62 என்று எழுதி, இதைச் செய் என்றேன். ஆறை அடித்து 1/2 என்று போட்டான். எழுதி முடித்த பிறகு அவனே பின்வாங்கி நின்று பலகையைப் பார்த்தான். பதினாறின் இரு மடங்கு முப்பத்திரண்டுதானே என்று முணுமுணுத்தான். முதல் கணக்கு தப்பிப்போய்ச் சரியாக வந்ததுதான் அவனுக்கு நேர்ந்த கெடுதல். அந்தப் பையன் முகம்தான் உங்கள் கடிதம் நெடுக எனக்குத் தெரிந்தது.

என் மாமா பினாங்கின் ஸ்வெட்டன்ஹாம் கப்பல்துறையில் சரக்கு எண்ணும் கிராணி. 1969ல் பினாங்கு சுங்கவரி இல்லாத துறைமுகம் என்ற தகுதியை இழந்தது. கப்பல் குறைந்தது, வேலையும் குறைந்தது. சும்மா இருந்த நாட்களில் அவரும் நான்கைந்து பேரும் குவீன் ஸ்திரீட்டில் ஒரு கடையின் பின்கட்டில் இரண்டு கட்டுச் சீட்டு வைத்து ரம்மி ஆடுவார்கள். போக்கர் அவர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். மாமியின் வளையல் ஒன்று அப்படிப் போயிருக்கிறது, அதையும் மறைக்க விரும்பவில்லை. வளையல் போன மறுநாள்தான் அவர் முதல் 555 புத்தகத்தை வாங்கினாராம். அம்மா சொல்லியிருக்கிறார்.

இடப்பக்கம் தொகை, வலப்பக்கம் காரணம். சரக்கு எண்ணுபவரின் கையெழுத்து, எண்கள் ஒன்றன்கீழ் ஒன்று பிசகாமல் நிற்கின்றன. ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: ‘22 வெள்ளி பற்று. ஆட்டத்தில் பிழை இல்லை.’ அவ்வளவுதான். யார் மேலும் குறையில்லை, சீட்டின் மேலும் குறையில்லை. அதற்கு நான்கு பக்கம் தள்ளி: ‘இஸ்பேடு ஏழு ஒன்று கீழே போனதைப் பார்த்தேன். இருப்பது இன்னும் ஒன்றுதான். தெரிந்தும் அதற்கே காத்திருந்தேன். வந்தது. 14 வெள்ளி வரவு. எனக்கு உரியதல்ல.’

எனக்கு உரியதல்ல. 14 வெள்ளி அன்று ஒரு வாரத்து மீனும் காய்கறியும். அந்தப் பணத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை, வீட்டுக்குத்தான் கொண்டுவந்திருப்பார். ஆனால் புத்தகத்தில் பொய் எழுதவில்லை. இந்த வரியைப் பார்த்ததில் இருந்து, என் வாழ்க்கையில் நான் ஜெயித்ததாக நினைத்திருக்கும் எத்தனை காரியங்களுக்குப் பக்கத்தில் இதை எழுத வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

திருக்குறள் வேண்டாம் என்றீர்கள். சொல்லத்தான் போகிறேன், ஏனென்றால் நீங்கள் அதைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள். சூது அதிகாரத்தின் முதல் குறளே ‘வேண்டற்க வென்றிடினும்’ என்றுதான் தொடங்குகிறது. தோற்பவனைப் பற்றிப் பேசும் முன் வென்றவனைப் பிடிக்கிறார் வள்ளுவர். ‘வென்றதூஉம் தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று.’ இரையென்று நினைத்து மீன் விழுங்கிய இரும்பு, அந்த வெற்றி. உங்கள் தொண்டையில் இருக்கும் தூண்டில் ராஜா இல்லை, இஸ்பேடு.

மென்பொருளைக் கேட்டிருந்தீர்கள். 2017 ஜனவரியில் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல் பிட்ஸ்பர்கில் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களோடு 1,20,000 ஆட்டம் ஆடி வென்றது. அதில் என்னை நிறுத்தி வைத்த செய்தி ஒன்று உண்டு. எதிராளிகள் பகலில் அதன் ஆட்டத்தில் எந்த ஓட்டையைக் கண்டு குடைந்தார்களோ, அந்த இடத்தை அது இரவில் கணக்குப் போட்டு அடைத்துக்கொண்டே வந்தது. ஜெயித்துக்கொண்டிருந்த இரவுகளிலும்! நீங்கள் 900 வெள்ளி ஜெயித்த இரவில் என்ன செய்தீர்கள்?

மாமாவைப் பற்றி இன்னொன்று. ரம்மிக்கு உட்காரும் முன் பின்கட்டுக் குழாயடியில் கால் கழுவுவார். பெரிய தொகை போனாலும் எழுந்து போய்க் கழுவுவார், வந்தாலும் போய்க் கழுவுவார். ஒரு காலை மற்றதன்மேல் தேய்த்து, குனிந்து குதிகாலைக் கையால் தடவிப் பார்ப்பார். அதற்குள் மற்றவர்கள் சீட்டைக் கலைத்துப் போட்டுவிட்டு, ‘கிராணியாரே, வாரும்’ என்று கத்துவார்கள். கூட்டிவர அனுப்பப்பட்ட சிறுமியாக நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏன் மாமா என்று கேட்டதற்கு நளன் கதையைச் சொன்னார். பன்னிரண்டு ஆண்டு கலி காத்துக் கிடந்தானாம், நளன் ஒருநாள் கால் சரியாகக் கழுவாத இடம் பார்த்து உள்ளே புகுந்தானாம். அதற்குப் பிறகுதான் தாயம் உருண்டது, நாடு போனது.

எல்லோரும் கதையை அதோடு நிறுத்துவார்கள், மாமா நிறுத்தவில்லை. இருதுபன்னன் என்ற அரசனுக்குத் தேரோட்டியாக இருந்த நளன் வழியில் ஒரு தான்றி மரத்தைப் பார்க்கிறான். மரத்தில் இத்தனை இலை, இத்தனை காய் என்று ஒரே பார்வையில் சொல்கிறான் அரசன். நளன் தலையாட்டிவிட்டுத் தேரை ஓட்டவில்லை. நேரமாகிறது என்று அரசன் பதறியும் கேட்காமல் இறங்கிப்போய் எண்ணிப் பார்க்கிறான். சரியாக இருக்கிறது. அந்த எண்ணும் வித்தையை அவனிடம் கற்றுக்கொண்ட நொடியில் கலி அவனை விட்டு வெளியேறுகிறான். அதன் பிறகே மறுபடி சூதாடி நாட்டை மீட்கிறான். ‘எறங்கி எண்ணணும் புள்ள, அடுத்தவன் சொன்னான்னு போயிடக் கூடாது’ என்பார் சரக்கு எண்ணிப் பிழைத்த என் மாமா, ஈரக் காலோடு. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் தொகை சிறுத்துக்கொண்டே வந்து, இரண்டும் மூன்றுமாகி நின்றுபோகிறது. மாமிக்கு வளையல் வாங்கிக் கொடுத்தாரா என்பது புத்தகத்தில் இல்லை. எனக்குத் தெரிந்து கடைசிவரை மாமியின் இடது கையில் ஒற்றை வளையல்தான் இருந்தது.

தவணைப் பணத்தை முதலில் கட்டுங்கள். அது முடியும்வரை அந்த வீட்டுக்குப் போக வேண்டாம், இதில் பேச்சுக்கு இடமில்லை. அதுவரை ஒரு வேலை தருகிறேன். மூன்று ஆண்டில் நீங்கள் ஜெயித்த ஆட்டங்களில் நினைவில் இருப்பதை எல்லாம் ஒரு புதுப் புத்தகத்தில் எழுதுங்கள். இடப்பக்கம் தொகை, வலப்பக்கம் காரணம். முதல் பக்கத்தில் அந்த இஸ்பேடு. எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ராஜாவைப் பற்றி இனி ஒரு வரியும் எழுதாதீர்கள்.

அன்புடன்,
டீச்சர்