குக்கி பட்டையில் ‘சரி’ மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலக வெப்சைட்டில் ‘குக்கிகளைப் பயன்படுத்துகிறோம், சரி’ என்று ஒரு பட்டை வைத்தால் போதும் என்கிறார் டிசைனர். பாரிஸிலும் எங்களுக்கு கிளையன்ட் உண்டு. போதுமா? – ஒரு வாசகி, ஈரோடு

பதில்: போதாதம்மா. குக்கி என்பது, தளத்துக்கு வருபவரின் பிரவுசரில் தளம் போட்டு வைக்கும் சிறு குறிப்பு; அதற்கு அவர் சம்மதம் வேண்டும். மறுக்க வழியே இல்லாத இடத்தில் சம்மதம் எங்கிருந்து வரும்? முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம்கூடச் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. ஏற்க ஒரு கிளிக், மறுக்கப் பல கிளிக் என்று வைத்ததற்காக, 2022 ஜனவரியில் பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் போட்டதாக அறிவித்தது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். க்ரோமில் இன்காக்னிட்டோ (பழைய குக்கிகள் இல்லாத தனி ஜன்னல்) திறந்து, உங்கள் தளத்துக்குப் போய் எஃப்12 அழுத்துங்கள். ‘அப்ளிகேஷன்’, அதற்குள் ‘குக்கீஸ்’. பட்டையைத் தொடும் முன்பே ‘_ga’ என்ற பெயர் இருந்தால், கூகுள் அனலிட்டிக்ஸ் (வருகையாளர்களைக் கணக்கெடுக்கும் கருவி) கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பல தளங்களில் இதைத்தான் பார்க்கிறேன், கோபமாக வருகிறது. உங்கள் தளத்துக்கு வருபவர், வரி நோட்டீஸ் வந்த பதற்றத்தில் படிப்பவர்; அவரைக் கேட்காமல் கண்காணிக்கலாமா? லாகினுக்கு அவசியமான குக்கிக்குச் சம்மதம் தேவையில்லை, அதை விடுங்கள். ‘மறுக்கிறேன்’ பொத்தான் அதே அளவில், அதே இடத்தில் வரட்டும். அதுவரை டிசைனருக்கு மீதிப் பணம் கொடுக்காதீர்கள்.