கச்சான் காலத்து வளவு: உங்கட கேள்வியளும் பதிலும்

வைகாசி பிறந்து கச்சான், அதாவது தென்மேற்குப் பருவக்காத்து, அடிக்கத் தொடங்கினதில இருந்து எங்கட திருகோணமலைப் பக்கக் கேள்வி கனக்க சேந்திட்டுது, முக்கால்வாசியும் காயுது, கருகுது எண்டுதான். எல்லாத்துக்கும் ஒண்டா எழுதுறன்.

உப்புவெளில இருந்து: கச்சான் அடிக்கத் தொடங்கினா வளவில பாக்க ஒண்டுமே இல்ல. மாரி வரும்வரைக்கும் என்ன செய்யிறது?

நீங்க எத்தின மணிக்கு வெளிய வாறீங்க? கச்சான் மேற்கில மழையைக் கொட்டிப்போட்டு மலை தாண்டி இறங்கி வாறதாலதான் இவ்வளவு வறட்சியும் சூடும், மத்தியானம் 12 மணிக்குப் போய் நிண்டா கன பூக்கண்டு துவண்டுதான் நிக்கும், அதுக்காக செத்துப் போச்சு எண்டில்ல, பொழுதுபட திருப்பி நிமிரும். விடிய 6 மணிக்கு செவ்வரத்தை மொட்டு முறுக்கவிழுறதைப் பாருங்கோ, ஒரு நாள் பூ அது, பின்னேரம் திருப்பிச் சுருண்டிடும். வெயில் ஏற 9, 10 மணிக்குப் பத்துமணிப்பூ, 4 மணிக்குப் பிறகு அந்திமந்தாரை. ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு நேரம்.

மத்தியானம்தான் நேரம் கிடைக்குமெண்டா தாழ்வாரத்துக்குக் கீழ குந்துங்கோ. எங்கட மணலில சின்னச் சின்னப் புனல் மாதிரிக் குழி இருக்கும், குழியானை எண்ட பூச்சி தோண்டி அடியில ஒளிச்சிருக்கிறது. ஒரு எறும்பு விளிம்பில கால் வச்சா மணல் சரியும், அது ஏறப் பாக்கும், அடியில இருந்து அவர் தலையால மணலை அள்ளி எறிவார், எறும்பு திருப்பி உருண்டு கீழ போகும். மழை நனைச்சா அந்தக் குழி நிக்காது, காஞ்ச மணல்தான் வேணும். எனக்கு இதைப் பாக்கத் தொடங்கினா அடுப்பில வச்ச சோறு கூட மறந்து போகும். வளந்தாப்பிறகு அதுவே செட்டை முளைச்சு தும்பி மாதிரிப் பறக்கும்.

உவர்மலை: கடதாசிப்பூவுக்கு ஒவ்வொரு நாளும் தண்ணி விடுறன், இலைதான் வருது.

தண்ணியைக் குறையுங்கோ. கொஞ்சம் காஞ்சாத்தான் அது பூக்கும். ஒரு விசயம், நாங்க பூ எண்டு சொல்லுற நிறமெல்லாம் இலைதான், நடுவில மெல்லிய குழாய் மாதிரி வெள்ளையா நிக்கிற மூண்டும்தான் உண்மையான பூ. கிட்டப் போய்ப் பாருங்கோ.

தம்பலகாமம்: கறிவேப்பிலைக் கண்டில காக்கா எச்சம் மாதிரி ஒண்டு ஒட்டிக்கொண்டு அசையுது. மருந்து அடிக்கவா?

ஐயோ வேண்டாம்! அது வண்ணாத்திப்பூச்சியின்ர புழு. குருவி தின்னாம இருக்கத்தான் எச்சம் மாதிரி வேசம், பிறகு பச்சையாகிடும். மெதுவாத் தொட்டா தலைக்குப் பின்னால ரெண்டு கொம்பு மாதிரி நீட்டி ஒரு மணம் விடும், நல்ல மணம் இல்ல. கண்டு சின்னனெண்டா புழுவைப் பக்கத்துத் தேசிக்கு மாத்தி விடுங்கோ, அதையும் தின்னும். கூட்டுப்புழுவானா அண்ணளவா 10, 12 நாளில விடியக்காலமை வெளிய வந்து, நசுங்கின செட்டையைத் தொங்கப்போட்டுக் காய விடும். அதைக் கட்டாயம் பிள்ளையளுக்குக் காட்டுங்கோ.

டவுனுக்குள்ள இருந்து: மான் வந்து பூக்கண்டெல்லாம் தின்னுது.

வலை அடிக்கிறதைத் தவிர வேற வழி எனக்குத் தெரியேல்ல. வெளியில பட்டிப்பூ வையுங்கோ, அது கசப்பு. தயவுசெய்து பொலித்தீன் பையில சாப்பாட்டைக் கட்டி ரோட்டில போடாதீங்கோ, அதையும் விழுங்குதுகள் பாவங்கள்.

பாலையூற்று: ரோசா இலையில கத்திரிக்கோலால வெட்டின மாதிரி வட்டம் வட்டமா ஓட்டை. என்ன பூச்சி?

கண்டை அழிக்கிற பூச்சியில்ல, இலை வெட்டுற ஒரு தேனீ. கூட்டமா இராது, தனியத்தான் இருக்கும். வெட்டின துண்டைச் சுவர் ஓட்டையிலயோ பழைய தடிக்குள்ளயோ கொண்டுபோய்ச் சுருட்டி அறை கட்டி, மகரந்தமும் தேனும் வச்சு, ஒரு முட்டை இட்டு, இன்னொரு வட்ட இலையால மூடிவிடும். கண்டுக்கு ஒண்டும் ஆகாது. காலமை ஒரு கதிரையைப் போட்டு ரோசாவுக்குப் பக்கத்தில இருங்கோ, வெட்டுறதுக்குச் சில செக்கன்தான் எடுக்கும், பச்சைத் துண்டை வயித்துக்குக் கீழ இடுக்கிக்கொண்டு பறக்கேக்க எந்தப் பக்கம் போகுது எண்டு பாத்து எனக்கு எழுதுங்கோ.